தஞ்சோங் டாவாய் முகாமும் ஒற்றை வாசல் கொட்டகையும்

பிள்ளைகளைக் கடலோரத்தில் இரண்டு இரவு தங்க வைக்க இடம் தேடுகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது, "கட்டில் இருக்கா, காற்றாடி இருக்கா?" என்றுதான். வாசல் எத்தனை என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்பேன். ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷத்தில், முப்பது பிள்ளைகளோடு தஞ்சோங் டாவாய்க்குப் போய் வந்ததிலிருந்து வந்த பழக்கம் அது.

அப்போது எனக்குக் கருவாட்டு வியாபாரம். சைக்கிளில் சவுக்காரம் விற்று, மிச்சம் பிடித்து, ஒரு லோரி வாங்கியிருந்தேன். ஊரில் இருந்த நல்ல லோரிகளையெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். என்னுடையதை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்கே விட்டுவிட்டுப் போனான். அதன் அழகு அப்படி.

மெர்போக் பக்கத்துத் தோட்டப் பள்ளி வாத்தியார் சவரிமுத்து ஒரு நாள் கடைக்கு வந்தார். இருபத்து நாலு வயது, கல்யாணம் ஆகாதவர்.

"அண்ணே, பிள்ளைங்கள முகாமுக்குக் கூட்டிட்டுப் போயி, ரெண்டு ராத்திரி தங்க வச்சு, தேகப்பயிற்சியும் ஜப்பான் பாட்டும் சொல்லிக் குடுக்கணுமாம். ஜப்பான்கார அதிகாரி வந்து கொட்டகைய சோதிச்சு முத்திரை போட்டாத்தான் பள்ளிக்கூடம் நிலைக்கும்."

"போடலேன்னா?"

"பள்ளிக்கூடம் மூடிருவாங்க. வேலையில்லாத ஆம்பளைக்கு சயாம்லதான் வேலைன்னு கிராணி இப்பவே சொல்லிட்டாரு."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அவர் சொல்லி சயாம் போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை. சரி, லோரியும் கொட்டகையும் என் பொறுப்பு என்றேன். எனக்கும் ஆதாயம் உண்டு, மறைப்பானேன்: முகாம் பெயரைச் சொன்னால் வரும்போது கருவாடு ஏற்றிவர அனுமதி கிடைக்கும்.

கொட்டகை போட, பந்தல்கார வீரப்பனை மூங்கிலோடும் அத்தாப்பு ஓலையோடும் முன்கூட்டியே மாட்டு வண்டியில் அனுப்பினேன். அதிகாரி சொல்லியனுப்பிய விதிகளை வாத்தியார் அவனுக்கு வாய்ப்பாடுபோல் ஒப்பித்தார். படுக்கும் பரண் தரையிலிருந்து இரண்டடி உயரம். அடுப்பு முப்பது தப்படி தள்ளி, காற்று கொட்டகையிலிருந்து அடுப்புப் பக்கம் போகிற திசையில். கக்கூஸ் கிணற்றுக்கு எட்டத்தில். வாசல் இரண்டு.

"ரெண்டு வாசலா? பந்தலுக்கு ஒரு வாசல்தானே வாத்தியாரே, வாழமரம் கட்டுற வாசல்" என்றான் வீரப்பன்.

"இது கல்யாணம் இல்லப்பா."

"முப்பது பேரு சாப்பிடுறான், தூங்குறான். அப்புறம் கல்யாணம் இல்லாம என்ன?"

காலை ஏழு மணிக்குச் சுங்கை பட்டாணியிலிருந்து புறப்பட்டோம். கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி டோக்கியோ நேரம் வைத்திருந்த காலம். ஏழு மணி என்றால் கும்மிருட்டு. பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் போய், அங்கே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு. மொத்தம் இருபது மைலுக்குக் கொஞ்சம் குறையும். பெட்ரோல் கிடையாது, கரி அடுப்பு மூட்டி, அந்தப் புகையில் லோரி ஓடும். மேட்டைக் கண்டால் நிற்கும். பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பாதி வழி லோரி எங்களைச் சுமந்தது, பாதி வழி நாங்கள் லோரியை. மெர்போக்கில் வறுத்த சோளத்தூளில் போட்ட ஒரு குவளைக் கோப்பி, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில் இரண்டு வெள்ளி. குடிக்காதீர்கள் என்று அன்றே எல்லாரிடமும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது கொட்டகை அழகாக நின்றது. பரண் சரி, அடுப்பு சரி. முன்வாசலில் இரண்டு வாழைமரம், குலையோடு. பின்வாசல் மட்டும் இல்லை.

"அதிகாரி பதினோரு மணிக்குத்தானே வாராரு? சூரியன் இன்னும் ஏறவே இல்லியே. சாப்பிட்டுட்டு வெட்டிருவேன் முதலாளி" என்றான் வீரப்பன்.

அவன் பார்த்தது சூரிய நேரம். அதிகாரி வந்தது டோக்கியோ நேரத்துக்கு. வீரப்பன் கத்தியைத் தீட்டுவதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. "நான் பின்னால போயி சத்தமில்லாம வெட்டிடுறேன்" என்று கொட்டகைக்குப் பின்புறம் ஓடினான்.

அதிகாரி குள்ளமான மனிதர், இடுப்பில் நீளமான வாள். மலாய் கொஞ்சம் பேசுவார். பரணை அளந்தார். அடுப்புவரை தப்படி வைத்து எண்ணினார். வாழைமரங்களை வெகுநேரம் பார்த்தார். அவசரச் சாப்பாடு என்று விளக்கினேன், தலையாட்டினார். பிள்ளைகளை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார். வாசலில் தொங்கிய மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கம்பால் தட்டி, "அப்பி! அப்பி!" என்று கத்தினார். நெருப்பு, நெருப்பு என்று அர்த்தம். ஓடி வருகிறார்களா என்று பார்க்கிற சோதனை.

ஒரு பிள்ளைகூட வெளியே வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். முப்பது பேரும் பரணிலிருந்து இறங்கி, குட்டை முன்னால் நெட்டை பின்னால், கையைத் தொங்கவிட்டு வரிசையாக நின்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தகரச் சத்தம் என்றால் பெரட்டு. விடிகாலையில் களத்தில் வரிசை கட்டி, கிராணி பெயர் கூப்பிட்டு அன்றைய வேலைக்காடு எது என்று சொல்லும்வரை அசையாமல் நிற்பது. அப்பாவும் அம்மாவும் நின்றதைத் தொட்டிலில் இருந்தே பார்த்தவர்கள்.

அதிகாரியின் முகம் சிவந்தது. வாத்தியாரின் முகம் வெளுத்தது.

"ஏய், ஓடுங்க! நெருப்பு!" என்று வாத்தியார் அலறினார்.

முன்னால் நின்ற சிறுமி அசையவில்லை. "இன்னும் பேரு கூப்பிடலியே சார்."

"எல்லார் பேரும் கூப்பிட்டாச்சு! ஓடு!"

அப்புறம் ஓடினார்கள். முப்பதும் ஒரே வாசலுக்கு. வாசல் அடைத்துக்கொண்டது, முதல் இரண்டு பேர் வாழைக்குலையில் சிக்கிக்கொண்டார்கள். அதிகாரி வாத்தியாரை அறையக் கை ஓங்கினார். ஜப்பான்காரனிடம் அறை வாங்கியவர்களுக்குத் தெரியும், அது ஒன்றோடு நிற்காது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் பின்னால் சாய்ந்தது. யாரோ ஒரு பிள்ளை விழாமலிருக்க ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தது.

பின்சுவர் முழுசாக, சத்தமில்லாமல், பாய் விரித்ததுபோல் வெளிப்பக்கம் படுத்தது. பிள்ளைகள் அதன்மேல் நடந்து நிதானமாக வெளியே போனார்கள். நடக்கும்போது சுவருக்கு அடியில், "ஐயோ, மெதுவா, மெதுவா" என்று ஒரு குரல் வந்தது.

அதிகாரியின் கை அந்தரத்திலேயே நின்றது. அந்த நேரம் வாயைத் திறக்காதவன் வியாபாரியே இல்லை.

"துவான், நீங்கள் கேட்ட இரண்டாவது வாசல். கொஞ்சம் பெரிதாகவே வைத்துவிட்டோம்" என்றேன் மலாயில்.

அவர் போய்க் கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். பக்கச் சுவரில் அதேபோன்ற நுனி தொங்கியது. இழுத்தார். அதுவும் படுத்தது. அப்போது வீரப்பன் தலையெல்லாம் ஓலையோடு ஊர்ந்து வெளியே வந்தான்.

"சாமி, அடிக்காதீங்க சாமி! வாடகை மூங்கிலு, மறுநாளு அவுக்கணும்ல? ஒரே இழுப்புல வர்ற மாதிரிதான் எங்காளுங்க முடிச்சுப் போடுவோம்!"

"என்ன சொல்கிறான்?"

"இந்த வேலையில் பரம்பரை நிபுணர் என்கிறார்."

"பாகுஸ்" என்றார் அதிகாரி. நல்லது என்று அர்த்தம். உற்சாகமாகி மூன்றாவது கயிற்றையும் தேடினார். அதை இழுத்தால் கூரையும் வரும் என்று வீரப்பனின் கண் சொன்னது. நான் ஓடிப்போய் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து வணங்கினேன். எனக்கு ஜப்பான்மேல் இவ்வளவு மரியாதையா என்று அவர் நெகிழ்ந்திருக்க வேண்டும், பதிலுக்குக் குனிந்தார். சுவர்களைத் தூக்கிக் கட்டவைத்து மூன்று தடவை தகரம் தட்டினார். மூன்றாவது தடவை பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பறந்தார்கள். வாத்தியாரின் காகிதத்தில் சிவப்பு முத்திரை விழுந்தது. அவர் அதை மடிக்கவே பயந்து, இரண்டு நாளும் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார்.

இனிப் போகிறவர்களுக்கு. தஞ்சோங் டாவாயில் கருவாடு மலிவு, காற்று அதிகம். கோத்தா கோலா மூடா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சம்பான் படகில் ஆற்றைக் கடந்தால் பாதி நேரம் மிச்சம். அலை ஏறுவதற்குள் கடந்துவிடுங்கள். தங்கும் இடத்தில் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டாவது வாசலை நீங்களே திறந்து பாருங்கள். சாவி யாரிடம் என்று அவர்கள் யோசிக்க ஆரம்பித்தால் பிள்ளைகளைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள். அடுப்பு எங்கே, காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். ஜப்பான்காரன் செய்த அக்கிரமம் கொஞ்சமல்ல. ஆனால் ஓலைக் கொட்டகைக்கு அந்த அதிகாரி சொன்ன விதிகளில் ஒன்றும் தப்பில்லை. முக்கியமாக, முதல் நாளே ஒரு தடவை மணி அடித்து, பிள்ளைகளை ஓடவிட்டுப் பாருங்கள். ஓடவும் பழக்க வேண்டியிருக்கிறது.

சவரிமுத்து வாத்தியார் பழக்கினார். முத்திரைக் காகிதம் இருந்ததால் கிராணி அவரைத் தொடவில்லை. பள்ளியில் தினமும் தகரம் தட்டி ஓட வைத்தார். சில வாரம் கழித்து ஒரு விடிகாலையில் சயாமுக்கு ஆள் ஏற்றும் லோரி தோட்டத்துக்கு வந்து களத்தில் நின்றது. கிராணி பெரட்டுத் தகரம் தட்டினார். முப்பது பிள்ளைகளும் லயத்து வீடுகளிலிருந்து பாய்ந்து ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். "ஏய், பிடிங்கடா பிள்ளைங்கள!" என்று கத்திக்கொண்டு அப்பன்மார் பின்னால் ஓடினார்கள். ஓடியவர்கள் திரும்பி வரவில்லை, லோரி போகும்வரை.

களத்தில் நின்றது கிராணியும் வாத்தியாரும்தான்.

"என்ன வாத்தியாரே இது, தகரம் தட்டினா ஓடுதுங்க?"

வாத்தியார் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினாராம். "துவான் உத்தரவு கிராணியாரே. நல்லா ஓடுறாங்கன்னு முத்திரையே போட்டிருக்காரு."