மேற்கே ஒரு வாசல்

பவுனம்மாள் கம்பு நட்டு, மாடு அடைக்கும் பட்டி போடுகிறவர். வையம்பட்டியைச் சுற்றி ஆண்கள் மட்டுமே செய்துவந்த வேலை அது. கணவர் இறந்ததும் அவருடைய கடப்பாரையை எடுத்துக்கொண்டு இவர் கிளம்பியபோது, "பொம்பள நட்ட கம்பு எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டார்கள்.

"வந்து ஆட்டிப் பாருங்க" என்றார். யாரும் வரவில்லை.

1966 கோடையில் ஊருக்கு வெளியே இருந்த மண்மேட்டைத் தோண்டத் தொல்பொருள் துறையில் ஆள் எடுத்தார்கள். பவுனம்மாளும் சேர்ந்தார். எழுத்து தோன்றாத காலத்தில், சுற்றிலும் கம்புகளை நெருக்கமாக நட்டு, உள்ளே குடிசை போட்டு மனிதர்கள் வாழ்ந்த இடம் அது. கம்புகள் மக்கிப்போய், அவை நின்ற குழிகள் மட்டும் கறுத்த வட்டங்களாகத் தெரிந்தன. அதே அடையாளத்தில் பனங்கம்பு நட்டு அந்தக் கோட்டையை மறுபடி எழுப்பினால், திருச்சி, ஸ்ரீரங்கம் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வந்து பார்க்கலாம் என்பது திட்டம். அங்கே எழுத்து வேலைக்குச் சேர்ந்திருந்த நான் தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர்ப்பலகை எழுதினேன்.

தென்னூரிலிருந்து ஜீப்பில் வரும் ரெங்கராஜ் சார்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. வாசல் என்றால் கிழக்கு என்பது அவர் முடிவு. மேல்மண் மட்டும் எடுத்திருந்த மேற்கு ஓரத்தை மண் கொட்டி மூடச் சொன்னார்.

பவுனம்மாள் கூடையைக் கவிழ்த்து அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாசல் இங்கதாங்க சார். குளம் மேற்கால இருக்கு. தண்ணிக்குப் போற மாடு ஊரைச் சுத்திக்கிட்டா போகும்?"

"இது என்ன நீ போட்ட பட்டியா? எந்திரி."

"மாடு மிதிச்சு இறுகின மண்ணுங்க. கடப்பாரை பட்டா கணீர்ங்குது."

"மூடலேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

"வரலைங்க. இன்னிக்கு இன்னும் பொழுது இருக்குல்ல?"

குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிவந்து தரையில் ஊற்றினார். ஆறடி அகலத்துக்குத் தண்ணீர் இறங்காமல் தேங்கியது. அதன் இரண்டு ஓரங்களில் மட்டும், வட்ட வட்டமாக, மளமளவென்று உள்ளே போயிற்று. மற்றக் கம்புக்குழிகளைப் போல இரண்டு மடங்கு பெரிய வட்டங்கள்.

ரெங்கராஜ் சார் டேப்பை எடுத்தார். இரண்டு முறை அளந்தார்.

"வாசக்கால் ரெண்டையும் நாளைக்கு நீயே நட்டுடும்மா."

"நாளைக்கு வராதேன்னது நீங்கதானே? வேணும்னா வீட்டுல வந்து கூப்பிடுங்க."

மறுநாள் காலை ஜீப் பவுனம்மாள் தெருவில் நின்றது. பின்னால் ஏறச் சொன்னார் டிரைவர். கடப்பாரையைப் பின்னால் போட்டுவிட்டு, பவுனம்மாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கூப்பிட இறங்கியிருந்த ரெங்கராஜ் சார், கடப்பாரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.