சகலையின் ஆரஞ்சுத் தூள்

ஆரஞ்சு குளுக்கோஸைக் கூடுதலாகக் குடித்தால் ரத்தம் கொதித்து, காலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். சிரிக்காதீர்கள், கண்ணால் பார்த்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். சிலமலை என்ற சமவெளி ஊர்க்காரனான எனக்குக் கல்யாணமான புதிது. மலைமேல் இருந்த மாமனாரின் ஏலத்தோட்டத்துக்கு, பஸ் நிற்கும் அடிவாரக் குரங்கணியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். என் மனைவியின் அக்கா புருஷன், அதாவது என் சகலை, எப்போதும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்.

"அத்தான் நடையப் பாருங்க. நீங்களும் இருக்கீகளே!" என்பாள் மனைவி.

எனக்கு வயிறு எரியும். கிளம்புமுன் அவர் ஒரு தம்ளர் ஆரஞ்சுத் தூள் கரைத்துக் குடிப்பார். எல்லாம் அதன் வேலைதான் என்று முடிவு கட்டினேன்.

ஒரு மழைநாளில் பஸ்சிலேயே அவர் டப்பாவைச் சுட்டுவிட்டேன். பாதி மலையில் நின்று, ஓடைத் தண்ணீரில் மொத்தத்தையும் கரைத்துக் குடித்தேன். புளிப்பு மிட்டாயை ஊறவைத்த ருசி. நெஞ்சு படபடத்தது. ஆகா, வேலை செய்கிறது! ஓடினேன்.

தோட்டத்து வாசலில் குனிந்து பார்த்தால் வேட்டியெல்லாம் ரத்தம். வலியே இல்லை.

"அண்ணே, ஒங்க தூளு என் ரத்தத்தக் கொதிக்க வச்சிருச்சு! ஆத்தாடி, நான் போறேன்!"

காபித் தம்ளரை வைத்துவிட்டு வந்த சகலை, வேட்டியை விலக்கிப் பார்த்தார்.

"அட்டை கடிச்சிருக்கு தம்பி. எங்கயாச்சும் நின்னீகளா?"

"குடிக்க நின்னேன்."

"நின்னா ஏறிரும். அந்தப் பயத்துலதான நான் வெரசா ஓடியாறேன். தூளு சும்மா ருசிக்கு."

மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அன்றும் அவர்தான் முந்தினார், தூள் இல்லாமலே. நான் ருசி பார்க்க நின்ற இடத்தில் அட்டை ஏறியிருந்தது.