திறந்து கிடந்த சர்வரும் எங்கள் வீடும்

போன ஆடி மாதம் எனக்கு இரண்டு பயங்கள் ஒன்றாக வந்தன. குடியிருக்கிற வீடு போய்விடும். பார்க்கிற வேலையும் போய்விடும்.

நான் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனவர். எங்கள் குப்பத்து அம்மனைக் கும்பிட்டே வளர்ந்தேன். இப்போது திருவொற்றியூரில் வாடகை வீட்டில், கணவர் சேகரோடும் மகளோடும் இருக்கிறேன். அவர் காசிமேட்டில் மீன் வண்டி ஓட்டுகிறார். நான் இணையதளம் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன்.

வீட்டுக்கார பாய் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி, முதலில் எங்களைத்தான் கேட்டார். விலையும் சொன்னார். மெட்ரோ ரயில் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் விலை ஏறிக்கொண்டே போகிறது. இதை விட்டால் மீஞ்சூர் தாண்டித்தான் தேட வேண்டும். பேங்கில் லோன் கிடைக்கும், ஆனால் என் சம்பளத்தை நம்பித்தான். கம்பெனியிலோ எல்லார் வாயிலும் ரெசெஷன், அதாவது பொருளாதார மந்தம் என்ற பேச்சு. எங்கள் பெரிய வாடிக்கையாளர், வெளிநாட்டில் வீடு விற்கும் ஒரு நிறுவனம். அங்கே வீடுகள் விற்காமல் நிற்கின்றன, இங்கே ஆட்களைக் குறைப்பார்கள் என்றார்கள். பாய்க்குப் பதில் சொல்லாமல் நாள் கடத்தினேன். அதற்குள் வேறொருவர் அதிக விலைக்குக் கேட்டுவிட்டார். அடுப்படியில் நின்று அழுதேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குப்பத்துக்குப் போய் அம்மன் முன்னால் நின்றேன். வீடு கொடு, வேலை கொடு என்று கேட்க வாய் வரவில்லை.

"தாயே, இன்னா வந்தாலும் நீ என் கூடவே இரு" என்றேன். அவ்வளவுதான்.

அன்றைக்கே ஆபீஸில் அது என் கண்ணில் பட்டது. இணையதளத்தை வெளியிடும் முன் நாங்கள் சோதித்துப் பார்க்கும் டெவலப்மென்ட் சர்வர், பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே அந்த நிறுவனத்திடம் வீடு வாங்கியவர்களின் நிஜமான அடையாள அட்டைகள், சம்பளச் சான்றுகள். வெளியாள் யாராவது எடுத்துப் போயிருக்கலாம். மேலாளரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சத்தமில்லாமல் மூடிவிடு, அந்த நிறுவனத்துக்குத் தெரிந்தால் நம் பிழைப்பே போய்விடும் என்றார். எனக்கும் அதே பயம்தான்.

மாடிப்படிக்குப் போய் சேகருக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வேல போனா போவட்டும். நான் வண்டி ஓட்டிகினுதான கீறேன்? மறைச்சா உனுக்குத் தூக்கம் வராது" என்றார்.

கண்ணை மூடி அம்மனை நினைத்தேன். முதலில் சர்வரை வெளியுலகத்திலிருந்து துண்டித்தேன். எங்கள் ஆபீஸ் கணினிகள் மட்டும் உள்ளே வரும்படி வழி வைத்தேன். பாஸ்வேர்டுகளை மாற்றினேன். நிஜ ஆவணங்களை நீக்கிவிட்டு, சோதனைக்கென்று பொய்ப் பெயர்களைப் போட்டேன். பிறகு, யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவை வரி வரியாகப் படித்தேன். எங்கள் ஆட்களைத் தவிர ஒருவரும் அந்த ஆவணங்களைத் திறக்கவில்லை. அத்தனை நாள் கதவில்லாமல் கிடந்தும் ஒருவர்கூட இல்லை. அம்மன்தான் காவல் இருந்திருக்கிறாள். வேறு என்ன சொல்வேன்?

நடந்ததை எல்லாம் அந்த நிறுவனத்துக்கு எழுதப் போகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்தே எழுதினோம்.

அவர்கள் கோபப்பட்டார்கள். நிறையக் கேள்வி கேட்டார்கள். கடைசியில், வேலை தொடரட்டும், இனி சர்வர் பாதுகாப்பை இதைக் கண்டுபிடித்த அந்தப் பெண்ணே பார்க்கட்டும் என்று பதில் வந்தது. ஆட்குறைப்பும் வராமல் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த என் தோழிக்கு வேலை போனது. அது இன்னும் வலிக்கிறது. அவளுக்காகவும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆவணி பிறந்ததும் பாய் வாசலில் வந்து நின்றார். அதிக விலைக்குக் கேட்டவர், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று பயந்து விலகிவிட்டாராம். இப்போது என்ன விலை சொல்வாரோ என்று பயந்தேன்.

"மொதல்ல சொன்ன வெலதாம்மா. நீ வாழ்ற வூடு, நீயே வெச்சிக்கோ" என்றார்.

தை மாதம், பேங்க் லோனில், வீடு எங்கள் பெயருக்குப் பத்திரம் முடிந்தது. ரெசெஷன் பேச்சு இன்னும் ஓயவில்லை. செய்தியில் வருகிறது, நானும் கேட்கிறேன். ஆனால் முன்போல் பயப்படுவதில்லை.

பயத்தில் இருக்கும் என் சொந்தங்களே, அம்மன் முன்னால் போய் ஒரு நிமிஷம் நில்லுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் நில்லுங்கள். திரும்பி வந்து உங்கள் கையில் இருக்கும் வேலையை ஒளிவுமறைவில்லாமல் செய்யுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.