நடுவிலிருந்து கேட்டால்

எங்க அப்பா போலீஸ் ஏட்டு. டாக்டருக்குப் படிக்க ஜார்ஜியா போன அவர் பொண்ணு நான், முதல் வருசமே லத்தீன்ல ஃபெயில். இந்த ரெண்டையும் சேர்த்து வச்சு நினைச்சுப் பாருங்க. மறுதேர்விலயும் கோட்டை விட்டா ஒரு வருசம் போச்சு.

டாக்டருக்கு லத்தீன் எதுக்குன்னு கேக்காதீங்க. எலும்பு, நரம்பு எல்லாத்துக்கும் அங்க அந்தப் பேருதான். எனக்குத் தெரிஞ்ச படிப்பு ஒண்ணே ஒண்ணு, உருப்போடுறது. ஓஸ்னா எலும்பு; எலும்போட, எலும்புக்குன்னு மாறுற வரிசையை ஓஸ், ஓஸ்ஸிஸ், ஓஸ்ஸின்னு வாய்ப்பாடு மாதிரி மேலேருந்து கீழ வரைக்கும் ஒப்பிப்பேன். வாய்த்தேர்வுல லத்தீன் டீச்சரம்மா வரிசையைக் கேக்கலை. "எலும்புகளுக்கு"ன்னு எப்படிச் சொல்லுவேன்னு நடுவுலேருந்து ஒண்ணை உருவுனாங்க. மேலேருந்து ஓடி வந்தாத்தான் எனக்கு அந்த வார்த்தை கிடைக்கும். மனசுக்குள்ள நான் ஓடி வந்து சேருறதுக்குள்ள அவங்க மார்க் போட்டு முடிச்சிட்டாங்க.

லீவுக்கு வந்தப்ப வீட்டுல சொல்ல ஒரு கதையையும் அதே மாதிரி உருப்போட்டுட்டு வந்தேன். ரிசல்ட் இன்னும் வரலை, காலேஜ் ஆபீஸ்ல ஏதோ சிக்கல், அடுத்த மாசம் வந்துரும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்லயே கடகடன்னு ஒப்பிச்சிட்டேன். அப்பா "சரி"ன்னார். அவ்வளவுதான். பத்து நாளா அந்தப் பேச்சையே எடுக்கலை. நாலு ஏச்சு ஏசியிருந்தா சோறாவது இறங்கியிருக்கும். அடிக்கடி என் ரூம் வாசல்ல வந்து நிப்பார், போவார். கதவைச் சாத்தக் கூடாதுன்னுட்டார். மனுசன் மோப்பம் பிடிச்சிட்டார்னே நினைச்சேன்.

பதினோராம் நாள், "குத்தாலத்துக்குக் கிளம்பு"ன்னார். நல்ல சாரல். பெண்கள் பக்கம் தண்ணிக்குள்ள போய் நின்னேன். இந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கப் போகுதுன்னு அடித்தொண்டையிலேருந்து கத்துனேன். ஓஸ்! ஓஸ்ஸிஸ்! பக்கத்துல நின்ன ஒரு ஆச்சி என் வாய் அசையுததைப் பார்த்து, மந்திரம்னு நினைச்சு கன்னத்துல போட்டுக்கிட்டா. வெளிய வந்து பார்த்தா, அப்பா கம்பியைப் பிடிச்சிக்கிட்டு என்னையே பார்த்துட்டு நிக்காரு. சீசன்ல குத்தாலம் வந்து குளிக்காத தென்காசிக்காரரை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

பஜ்ஜிக்கடையில டீ வாங்கிக் கொடுத்துட்டு மெதுவாக் கேட்டார்: "ஏட்டி, ஆபீஸ்ல என்ன சிக்கல்னு சொன்னே?"

போச்சுடா. நடுவுலேருந்து கேட்டுட்டார். ஸ்டேசன்ல திருடனை இப்படித்தான் மடக்குவாராம். பொய்யை உருப்போட்டு வந்தவன் எதைக் கேட்டாலும் தலையிலேருந்துதான் ஆரம்பிப்பானாம். நானும் ஆரம்பிச்சேன்.

"ரிசல்ட் இன்னும் வரலைப்பா, ஆபீஸ்ல..." அடுத்த வரி வரலை. "ஃபெயிலாயிட்டேன்ப்பா."

அடி விழும்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"தெரியும். நீ வாரதுக்கு முந்தியே உன்னை அங்க சேர்த்துவிட்ட ஏஜெண்ட் போன் பண்ணிட்டான்."

"பிறகு ஏன்ப்பா ஒண்ணும் கேக்கலை?"

அவர் டீ கிளாஸை பெஞ்சுல வச்சார். "பரிச்சையில ஃபெயிலான பிள்ளைக வீட்டுக்கு நான் டூட்டிக்குப் போயிருக்கேன்ட்டி. அந்த அப்பன்மார் மூஞ்சியைப் பார்த்திருக்கேன். நான் கேக்கப் போயி, நீயும் ஏதாச்சும் பண்ணிக்கிருவியோன்னு..." முடிக்கலை. "திருப்பி எழுது. வரலேன்னா விட்டுட்டு வீட்டுக்கு வந்துரு."

கதவைச் சாத்தாதேன்னு சொன்னது அதுக்குத்தான். ஈரத் துண்டைப் பிழிஞ்சு அவர் தோள்ல போட்டேன்.

"நான் இங்கனயே இருக்கேன், எங்கயும் போகமாட்டேன். நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்கப்பா."