மில் வாசலில் ஒரு குற்றவியல் பட்டம்

எங்கம்மா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தாள். சாயங்காலச் சங்கு ஊதிச் செத்த நேரத்தில் தெருமுனையில் அவள் தலை தெரியும். தலை என்றால் விரிந்த தலை. காலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, இறுக்கிக் கொண்டை போட்டுப் போகிறவள், திரும்பும்போது அவிழ்த்துவிட்டுத்தான் வருவாள். முடியெல்லாம் பஞ்சுத் தூசி. வாசப்படியில் அவள் உட்கார, நான் பின்னால் நின்று பஞ்சைத் தட்டி, சிக்கெடுத்து, மறுபடி முடிந்துவிடுவேன்.

"ஏம்மா இப்பிடி அவுத்துப் போட்டு வார?" என்று கேட்டால், "மில்லுக்குள்ள எம்புட்டு வேக்காடு தெரியுமாட்டி? காத்தாட வரட்டும்" என்பாள். நாளெல்லாம் அவளைத் தேடிக் கிடந்த எனக்கு அந்த நேரம்தான் அம்மா கைக்குக் கிடைக்கும் நேரம். அந்த எண்ணெய் வாடையும் பஞ்சு வாடையும் இப்போது எந்தக் கடையில் கிடைக்கும், சொல்லுங்கள்.

எண்பதுகளின் நடுவில், உதவித்தொகை வாங்கிச் சென்னையில் எம்.ஏ. குற்றவியல் படித்தேன். ஊரில் ஒருத்தருக்கும் அது என்ன படிப்பென்று விளங்கவில்லை. "குத்தம் பண்றதுக்கு ஒரு படிப்பா? நம்மூர்ல படிக்காமலே நல்லாத்தானம்மா பண்றாங்க" என்று டீக்கடை பாய் சிரிப்பார். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அத்தை ஒருத்தி, நான் சிஐடி என்றே முடிவு கட்டிவிட்டாள். நான் தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பேச்சு நின்றுபோகும். எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே வரும். உங்கள் வீட்டு மாமியார் மருமகள் சண்டையைத் துப்புத் துலக்கவா நான் மெட்ராஸ் வரைக்கும் போய்ப் படித்தேன்?

அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. "எம்மக இன்ஸ்பெக்டராகப் போறா" என்று ரீலிங் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். நடந்தது வேறு. போலீஸ் ஆளெடுப்புக்குப் போனேன், உயரத்தில் ஒரு விரற்கடை குறைகிறது என்று முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா சண்டைக்கு நின்றாள். "அளக்கும்போது குதிகாலக் கொஞ்சம் தூக்கினா என்னட்டி?" குற்றவியல் படித்தவளுக்கு அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் அது.

இதற்குள் அம்மாவுக்கு இளைப்பு வந்திருந்தது. பஞ்சுத் தூசிதான், வேறென்ன. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அவள் மில்லை விட்டு நின்றுவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, தெரிந்த வக்கீல் ஒருத்தரிடம் இந்தப் பட்டத்துக்கு என்னதான் வழி என்று கேட்டேன். ஜெயில் உத்தியோகம் உண்டு என்றார், எப்போது ஆளெடுப்பார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. கைரேகை, ரத்தக்கறை பார்க்கிற இடத்தில் கெமிஸ்ட்ரி கேட்டார்கள். மேலே சட்டம் படி என்றார். படிக்கிற வரை அம்மா பஞ்சைத் தின்ன வேண்டியதுதான். கடைசியாக நன்னடத்தை அலுவலர் என்று ஒன்று சொன்னார். முதல் தப்புக்கு ஜெயிலில் போடாமல் கோர்ட்டு வெளியே விட்டவர்களை வீடு தேடிப்போய்ப் பார்த்து, ஒழுங்காக இருக்கிறார்களா என்று கவனிக்கிற வேலை. கேட்டதும் மனசு அதில் ஒட்டிக்கொண்டது. பரீட்சை எழுதினேன், நேர்முகமும் போய்வந்தேன், ஆர்டர் மட்டும் வந்தபாடில்லை. அம்மாவின் வாயை அடைக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ஒவ்வொரு தடவையும் பால்கோவா வாங்கிவருவேன். தின்றுவிட்டு, "ஆர்டர் எங்கட்டி?" என்பாள்.

அப்போதுதான் அம்மாவின் மில்லிலேயே பெண்கள் வந்துபோகிற கேட்டில் காவலுக்குப் படித்த ஆள் தேடினார்கள். மேனேஜருக்கு என் பட்டத்தைக் கேட்டதும் ஒரே சந்தோஷம். "குற்றவியலா? திருட்டைக் கண்டுபிடிக்கிறதுதானம்மா எங்களுக்கும் வேணும்" என்று உடனே வரச் சொல்லிவிட்டார்.

ஓடிவந்து சொன்னால், எந்த வேலையாவது கிடைக்காதா என்று கோயில் கோயிலாக நேர்ந்துகொண்ட அம்மா, "அந்த வேல மட்டும் வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். கீரை வித்தாவது உனக்குச் சோறு போடுதேன். அந்தக் கேட்டுல நீ நிக்கக் கூடாது."

காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டராக வேண்டியவள் வாட்ச்மேனாவதா என்ற வீம்பு என்று நினைத்து நானும் கத்தினேன். அந்த வீம்பெல்லாம் இளைப்புக்கு மருந்தாகுமா? மறுநாள் அவளுக்குப் பின்னாலேயே நானும் கிளம்பிப் போனேன்.

கேட்டில் ஏற்கெனவே ஒரு அக்கா இருந்தாள். சாயங்காலம் வரை ஊர்க்கதை பேசிவிட்டு, சங்கு ஊதப்போகிற நேரத்தில் வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். "தூக்குச்சட்டியத் தொறந்து பாரு. முந்தானைய உதறச் சொல்லு. கொண்டைய அவுக்கச் சொல்லு. அம்புட்டுத்தான்."

"கொண்டையவா?"

"ஆமா பிள்ள. நூலச் சுருட்டி உள்ள வச்சுக் கொண்டு போயிருவாளுகளாம். ரொம்ப காலமா இப்பிடித்தான்."

சங்கு ஊதியது. பெண்கள் வரிசையாக வந்தார்கள். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, நடக்கும்போதே கையைப் பின்னால் கொண்டுபோய் அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். இத்தனை வருஷம் காத்தாட வந்த கதை இதுதானா?

அம்மா கடைசியாக வந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினாள். முந்தானையை உதறினாள். திரும்பி நின்று கொண்டையை அவிழ்த்தாள். பஞ்சு உதிர்ந்தது.

"பாத்துக்கிடுங்கம்மா" என்றாள்.

வேண்டுமென்றே சொன்னதல்ல. தினமும் அந்த இடத்தில் சொல்கிற வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது. என்னைப் பெற்றவள் என்னைப் பார்த்து 'ங்க' போட்டதை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. பஞ்சைத் தட்டி, சிக்கெடுத்து, அங்கேயே நின்று அவள் கொண்டையை முடிந்துவிட்டேன்.

"ஏ பிள்ள, அவுக்கத்தான சொன்னேன், முடியவா சொன்னேன்?" என்றாள் அந்த அக்கா.

நான் அம்மாவோடு வெளியே நடந்துவிட்டேன். தெருமுனை வந்ததும் அம்மா, "சொன்னா என்னைக்கிட்டி கேட்ட? இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய், "அதுக்குன்னு வேலையவா விட்டுட்டு வருவ, கூறுகெட்டவளே" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் கொண்டையோடு வீடு வந்தாள்.

பிறகு சில மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கே நன்னடத்தை அலுவலராக ஆர்டர் வந்தது. தொண்ணூறுகள் முழுக்க வத்திராயிருப்பு, புதுப்பட்டி, பிளவக்கல் அடிவாரம் என்று பஸ்ஸில் போய்ப் போய், தேங்காய் திருடியவனையும் சைக்கிள் திருடியவனையும் வீட்டு வாசலில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறேன். நல்ல அதிகாரியா என்று என்னைக் கேட்காதீர்கள், கோபக்காரி என்று பேர். ஆனால் ஒரு வீட்டிலும், எதையும் திறந்து காட்டு என்று நான் சொன்னதில்லை.

ஆர்டர் வந்த மாதமே அம்மாவை மில்லிலிருந்து நிறுத்திவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் வாசப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, பக்கத்து வீட்டு அத்தையோடு கதையளந்துகொண்டிருந்தாள். தூரத்தில் சங்கு ஊதியது. பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் கீரையை விட்டுப் பின்னால் போய்க் கொண்டையை அவிழ்த்தது. அவளுக்கு அது தெரியவேயில்லை. அவள் இருந்த வரைக்கும் சங்கு ஊதினால் அப்படித்தான்.

அன்றைக்கு நான் பின்னால் போய் நின்று முடிந்துவிட்டேன். முடியில் பஞ்சு இல்லை.