பதினேழாம் நம்பர் எக்ஸ்ரே

"பதினேழாம் நம்பர் ஆளை உடனே அனுப்புங்க" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் சொன்னார். பதினேழு என்றால் மணியம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதுகிறவன்.

முப்பது வருடம் தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸராக இருந்தேன். இருமலுக்கு நான் ஊற்றிக்கொடுத்த மிக்ஸ்சரில் பக்கத்து ஊர் பிரிஞ்சாங் மார்க்கெட்டையே கழுவிவிடலாம். முத்தையா என்ற தொழிலாளிக்கு மூன்று மாதம் அதைத்தான் கொடுத்தேன். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு நாள் எண்ண வேண்டியதாகிவிட்டது.

அதனால்தான் எக்ஸ்ரே வேன் தோட்டத்துக்கே வந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படம் எடுத்ததுமே கம்ப்யூட்டர் சந்தேகமான இடத்தைக் குறித்துவிடும். பிறகு டாக்டர் பார்ப்பார். சிகரெட் பிடிக்கும் முப்பத்திரண்டு ஆண்களை லிஸ்ட் போட்டு, ஆளுக்கொரு நம்பர் சீட்டு கொடுத்தேன். வேன்காரர்களுக்கு நம்பர் போதும், பெயர் என்னிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குப் பார்த்து ஒருவன் கையைக் கிழித்துக்கொண்டு வர, தையல் போடவே நேரம் சரியாகிவிட்டது. வேன் பக்கம் நான் போகவில்லை.

மணியம் தன் மனைவி செல்வியோடு வந்தான். அவள் கொழுந்து பறிப்பவள். படத்தில் புள்ளி இருப்பதைச் சொன்னேன். மணியம் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"செத்துருவேனா ஐயா?"

"வாயக் கழுவுப்பா. ஈப்போவுல சி.டி. ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

செல்வி மெல்ல வாயைத் திறந்தாள். "ஐயா, அது அவரு படம் இல்ல. நாந்தான் போனேன்."

"என்னது?"

"இவரு பயந்துக்கிட்டு லோரிய எடுத்துட்டு கம்போங் ராஜாவுக்கு ஓடிட்டாரு. எல்லாரும் கண்டிப்பா போவணும்னு மேனேஜர் தொர சொன்னாருல்ல? பேரு விட்டுப்போனா கங்காணி ஏசுவாருன்னு நான் சீட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். பெரட்டுல கொரல் குடுக்குற மாதிரிதான்லா."

காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கணவன் வரத் தாமதமானால் மனைவி குரல் கொடுப்பது எங்கள் பழக்கம். கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார். அதை எக்ஸ்ரே வரைக்கும் கொண்டுபோன ஆள் இவள் ஒருத்திதான்.

"அப்ப இவருக்கு ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டுச் சிரித்தாள். மணியத்துக்குத்தான் முதலில் உறைத்தது.

"ஏய், அப்ப ஒனக்குடி" என்றான். அவள் சிரிப்பு நின்றது.

ஈப்போவில் செல்விக்கு ஸ்கேன் எடுத்து, நுரையீரல் புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். சிகரெட்டையே தொடாதவளுக்கு எப்படி என்று ஈப்போ சர்ஜனிடம் கேட்டேன். "தொடாத பொம்பளைங்களுக்கும் வருது ஐயா. யாரும் சந்தேகப்படுறதில்ல, அதனால லேட்டா வர்றாங்க. இவங்க சீக்கிரம் வந்துட்டாங்க" என்றார்.

அந்த சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிடலாம். நெஞ்சைப் பிளக்காமல், விலாவில் சின்னத் துளைகள் போட்டே கட்டியை எடுத்துவிட்டார். அந்த வாரமே செல்வி எழுந்து நடந்தாள். பக்கத்து நிணநீர் முடிச்சு ஒன்றிலும் நோய் கொஞ்சம் பரவியிருந்தது. கட்டியின் மரபணுவைச் சோதித்து, அதற்கென்றே உள்ள மாத்திரையைக் கொடுத்தார்கள். தினம் ஒன்று. முடிகூடக் கொட்டவில்லை. மிக்ஸ்சர் ஊற்றிய இந்தக் கையால் அந்த மாத்திரைப் பெட்டியைத் தொட்டபோது, முத்தையாவை நினைத்து அழுதுவிட்டேன்.

மறுபடி வேன் வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஆனாலும் புது டிரஸருக்குத் துணையாகப் போனேன். செல்விக்கு ஈப்போவிலேயே பரிசோதனை நடப்பதால் வேன் தேவையில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினாள். நழுவப் பார்த்த மணியத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"இந்த வாட்டி ஒங்க பேருக்கு நீங்களே போங்கலா."

போனான். நுரையீரல் சுத்தமாக இருந்தது.

என் பழைய லிஸ்ட்டைப் புது டிரஸரிடம் காட்டினேன். முப்பத்திரண்டு பெயர். புருஷனுக்காகப் போய் நின்றதால் பிழைத்தவளின் பெயர் மட்டும் அதில் இல்லை. மெஷின் அவளைப் பார்த்தது. லிஸ்ட் எழுதிய நான் பார்க்கவில்லை.