பட்ஜெட் மேடமும் கோலம் போடாத வீடும்

பட்ஜெட் மேடம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் நசுங்கி, பாதிப் பூ ஹெல்மெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த அம்மா அதைக் கவிழ்த்துத் தட்டினார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பூ பொலபொலவென்று கொட்டியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா மேடம், பூவ வூட்லயே வுட்டுட்டு வந்திருந்தா சாமிக்காவது ஆயிருக்குமே" என்றேன். "சாமிக்குப் போட்டது போக மிச்சம்தாம்மா இது" என்று அவரும் சிரித்தார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். "ஆயா, அங்க இங்க போவாம நேரா சொல்லு" என்று நடுநடுவே அதட்டுகிறாள். நேராகவே போவதற்கு நான் என்ன பெங்களூர் ஹைவேயா? நம்முடையது பாரூர் வாய்க்கால். வளைந்துதான் போகும். போகிற வழியில் நாலு வயலுக்குத் தண்ணீரும் பாயும்.

அந்த அம்மாவுக்கு வறுமை ஒழிப்புத் திட்டத்தில் வேலை. பெரிய பெயராக ஏதோ பதவி இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் "அது பட்ஜெட்ல வரணும்மா" என்று முடிப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் பட்ஜெட், பால்வாடிக்குக் கூரை ஒழுகுகிறது என்றாலும் பட்ஜெட். அதனால் பட்ஜெட் மேடம் ஆகிவிட்டார். அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை.

ஊரில் யார் யார் கஷ்டப்படுகிறவர்கள் என்பதை ஊரே கூடிச் சொல்ல வேண்டும், அதுதான் அவர் கொண்டுவந்த வேலை. அப்படி ஊர் சொன்ன வீடுகளின் எண்ணிக்கை கிருஷ்ணகிரிக்குப் போகும். அங்கிருந்து சென்னை, அப்புறம் டெல்லி. அதை வைத்துத்தான் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முடிவு செய்வார்களாம். "டெல்லியில இருக்கறவங்களுக்கு எங்க மூஞ்சி எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "மூஞ்சி தெரியாதும்மா. எத்தனை பேருன்னுதான் தெரியும். கல்யாணத்துல பந்திக்கு எத்தனை இலைன்னு கேக்காம நீங்க ஒலையில அரிசி போடுவீங்களா? அது மாதிரிதான்" என்றார். ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணத்துக்கெல்லாம் சமைத்த கை இது. பட்ஜெட் என்றால் என்னவென்று எனக்கு அந்த ஒரு வார்த்தையில் விளங்கிவிட்டது.

மற்ற ஆபீசர்கள் போகிற ஊர்களில் எல்லாம் சாக்பீஸால் தரையில் கட்டம் கட்டமாகப் போட்டு வீடுகளைக் காட்டுவார்களாம். பொம்பளைகள் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்க, ஆம்பளைகளே போட்டு முடித்துவிடுவார்களாம். பட்ஜெட் மேடம் அதற்கு ஒரு யோசனை வைத்திருந்தார். "தினம் காலையில தண்ணிக்குப் போறப்ப யார் வாசல்ல என்ன கோலம் பாக்கறீங்களோ, அதையே சின்னதா போடுங்க. ஒரு கோலம்னா ஒரு வீடு. கஷ்டப்படற வீடுன்னா அது மேல ஒரு புளியங்கொட்டைய வைங்க" என்றார். அவ்வளவுதான், எங்களைப் பிடிக்க ஆள் இல்லை. ஒருத்தி நாகக்கோலம், ஒருத்தி தாமரை, ஒருத்தி எந்நாளும் மூன்று கோடு இழுத்துவிட்டு ஓடுகிறவள் என்று அவளுக்கு மூன்று கோடு. என் நாத்தனாருக்கு யார் வாசலில் எத்தனை புள்ளி என்பது அத்துப்படி. "ஏய், அவ வூட்டுக் கோலத்துல எப்பவும் ஒரு புள்ளி கோணலா போவும், நீ நேரா போட்டா அவ வூடாடி அது?" என்று ஒருத்தியை அழித்துப் போடவே வைத்தாள். தெருத்தெருவாக ஊர் அப்படியே தரையில் வந்து உட்கார்ந்தது. ஏரிக்கு நீலப் பொடி, புளியமரத்துக்கு ஒரு கொத்துத் தழை, தெருக்குழாய்க்கு ஒரு குச்சி.

கோலமாவுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் பாயம்மா. புளியமரத்தடியில் வீடு. அவளும் நானும் மாம்பழ சீசனில் ஒரே மாங்கூழ்க் கம்பெனிக்குப் போனவர்கள். மாங்காய்ப் பால் பட்டு எங்கள் இருவர் விரல்களும் ஒன்றுபோலவே வெந்து கிடக்கும். அவள் வீட்டுக்காரர் மொபெட்டில் பழக்கூடை கட்டி கல்லாவி சந்தை வரைக்கும் வியாபாரம் செய்தவர். வண்டி சறுக்கி இடுப்பில் அடிபட்டதில் இருந்து படுக்கைதான். ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்திருந்தாள். ஓசூரில் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, மெஷின் வேலை சொல்லிக்கொடுத்து, கம்பெனியிலும் சேர்த்துவிடுகிற ஒரு பயிற்சி இருந்தது. ஏழை என்று ஊர் சொன்ன வீட்டுப் பெண்களுக்குத்தான் அதில் இடம். பெண்ணின் பெரியப்பா ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். "இந்த வருஷம் எடம் கெடச்சா போவட்டும், இல்லன்னா நிக்காஹ்தான்" என்று சொல்லியும் விட்டார். பெண்ணுக்கோ ஓசூர்தான் கனவு. அம்மாவுக்கும் அதேதான்.

கோலம் முடிந்தது. பட்ஜெட் மேடம் பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டை மாடியில் ஏறி, செல்போனில் போட்டோ எடுத்து, புளியங்கொட்டையெல்லாம் எண்ணி, அங்கிருந்தே கிருஷ்ணகிரி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். கீழே நாங்கள் கை தட்டினோம். அதுவரை கூடையைச் சுமந்த பாயம்மா, கை வலிக்கிறது என்று அதை இறக்கி வைத்தாள்.

"ஏ பாயம்மா! கோலத்து மேல வெக்காதடி!" என்று நாத்தனார் கத்தினாள்.

"கோலம் இல்லாத எடமாப் பாத்துதான் வெச்சேன். கண்ண நல்லாத் தொறந்து பாரு" என்று சொன்ன பாயம்மா, அப்படியே நின்றுவிட்டாள். கூடைக்கு இந்தப் பக்கம் புளியந்தழை, அந்தப் பக்கம் குழாய்க்கு வைத்த குச்சி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யக்கா, இது எங்க வூடு இருக்கற எடம்தான?"

பாயம்மா வாசலில் ஏது கோலம்? அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. கோலத்தை நினைத்து நினைத்து வீட்டைப் போட்ட நாங்கள், கோலம் இல்லாத வீட்டைத் தாண்டிப் போய்விட்டோம். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. லாரி ஓட்டப் போன புருஷன் விபத்தில் செத்துப்போன ஒரு பெண் எங்கள் தெருவில் இருந்தாள். சாவு நடந்து வருஷம் திரும்பவில்லை, அதனால் வாசலில் கோலம் இல்லை. தரையிலும் அவள் வீடு இல்லை. இத்தனைக்கும் புளியங்கொட்டை வைப்பது என்றால் முதலில் இந்த இரண்டு வீட்டுக்குத்தான் வைக்க வேண்டும்.

நாத்தனார் பாய்ந்து மாவை அள்ளினாள். "நகரு, சின்னதா ஒண்ணு போட்டுடறேன்."

"எங்க வாசல்ல இல்லாதத இங்க போட்டா அது யார் வூடுடி?" என்றாள் பாயம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சங்கடமாக இருந்தது. சாவு வீட்டுக்கு மாக்கோலம் போடவும் எவளுக்கும் கை வரவில்லை.

பட்ஜெட் மேடம் மாடியில் இருந்து ஓடி வந்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. போன் போட்டார். "சார்... ஆமாங்க சார்... இல்லீங்க சார், ரெண்டு வீடு..." என்று நடந்துகொண்டே பேசினார். போனை வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சாம். மாத்த முடியாதுன்றார். நாளைக்கு மத்தியானம் சென்னைக்குப் போவுது. அடுத்த வருஷம் சேத்துக்கலாமாம்."

"அடுத்த வருஷம் எம்பொண்ணு இடுப்புல புள்ளையோட நிக்கும் மேடம்" என்றாள் பாயம்மா.

மேடம் ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் சொல்வதுபோல இல்லாமல், "இதுக்கு முன்னாடி போன ஊர்லயெல்லாம் நான் கோலம்தான் போடச் சொன்னேன்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

என் நாத்தனாருக்கு மட்டும் கை துறுதுறுவென்றே இருந்தது. "போன்ல சொன்னா அந்த சாருக்கு எப்பிடி வெளங்கும்? ஊரத் தூக்கினு போயி அவர் வாசல்லயே போட்டுக் காட்டிடலாம்" என்றாள். பட்ஜெட் மேடம் பயந்துபோனார். "ஐயோ, என்னுது கான்ட்ராக்ட் வேலைம்மா" என்றார். ஆனால் மறுநாள் முதல் பஸ்ஸில் நாங்கள் மாவு மூட்டையோடு கிருஷ்ணகிரியில் இறங்கியபோது, பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். அன்றைக்குத் தலையில் பூ இல்லை. எங்களுக்கெல்லாம் இட்லி வாங்கிக் கொடுத்தார். தான் மட்டும் டீயில் பிஸ்கட்டைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். பயம் வந்தால் அந்த அம்மாவுக்கு பிஸ்கட்தான் இறங்கும்.

ஆபீஸ் முற்றத்தில் நாங்கள் தண்ணீர் தெளித்ததும் வாட்ச்மேன் ஓடி வந்தார். "இன்னாம்மா இது, விழிப்புணர்வா?" என்று கேட்டார். ஓட்டுப் போடு, மரம் நடு என்று அங்கே அடிக்கடி பொம்பளைகள் கோலம் போடுவது வழக்கம். "ஆமாங்கண்ணா, விழிப்புணர்வுதான்" என்றாள் நாத்தனார். "அப்ப செரி, கார் நிக்கற எடத்த வுட்டுட்டுப் போடுங்க" என்று அவரே பக்கெட் எடுத்து வந்து கொடுத்தார்.

ஊரை மறுபடியும் போட்டோம். நேற்றைப் போலவே அச்சாக. பாயம்மா வீட்டையும் அந்தப் பெண்ணின் வீட்டையும் காலியாகவே விட்டோம். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று போட்டோ எடுத்தார்கள். கடைசியில் பெரிய அதிகாரியே காரில் இருந்து இறங்கினார். நேற்று போனில் பேசிய சாரும் பின்னாலேயே வந்தார். "அழகா இருக்கே. எந்த ஊரு?" என்று கேட்ட பெரியவர், கொஞ்சம் குனிந்து பார்த்தார். "நடுவுல மட்டும் ஏன் இப்படி வெறுமையா விட்டிருக்கீங்க?"

"அங்கதான் சார் பாயம்மா இருக்குது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பாயம்மா முன்னால் வந்து, காலிக் கூடையை அந்த இடத்தில் கவிழ்த்து வைத்தாள். "இதான் சார் எங்க வூடு. வாசல்ல கோலம் போடறதில்ல. அதனால ஏழைக் கணக்குலயும் இல்லாமப் போயிட்டோம்" என்றாள். நான் இன்னொரு காலியிடத்தைக் காட்டி, சாவு வீட்டையும் சொன்னேன். பெரியவர் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கோலம் போட்டுக் காட்டறது யாரோட யோசனை?"

பட்ஜெட் மேடம் எங்கள் பின்னால் நின்றிருந்தார். நகர்ந்து ஒதுங்கியிருந்தால் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். முன்னால் வந்தார். "என்னுதுதான் சார். நான் போன எல்லா ஊர்லயும் இப்பிடித்தான் செஞ்சேன். அங்கயும் விட்டுப்போயிருக்கும். நான் திரும்பப் போகணும் சார்." ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இந்த இடம்தான் மனதில் நிறைகிறது.

பெரியவர் திட்டவில்லை. நேற்று பேசிய சாரைப் பார்த்து, "இந்த ரெண்டு வீட்ட இப்பவே சேருங்க. மத்த ஊரெல்லாம் திரும்பப் பாத்து முடிக்கற வரைக்கும் மாவட்டக் கணக்கு சென்னைக்குப் போக வேண்டாம். தாமதத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். பாயம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வாட்ச்மேன்தான் பாவம், "விழிப்புணர்வுன்னுதானம்மா சொன்னீங்க" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் பட்ஜெட் மேடம் போன ஊருக்கெல்லாம் திரும்பப் போனார். போனதும் முதல் கேள்வியாக, "இந்த ஊர்ல யார் யார் வாசல்ல கோலம் இருக்காது?" என்று கேட்பாராம். வடக்கே இருந்து கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருப்பவர்கள், கோலம் போட முடியாத அளவுக்குத் தள்ளாடும் ஒண்டிக்கட்டைகள், இப்படி நிறைய பேர் சேர்ந்தார்களாம். கணக்குப் பெருத்துப்போனது. கேட்டது எல்லாம் டெல்லியில் இருந்து வந்துவிடவில்லை. அந்தச் சாவு வீட்டுப் பெண்ணுக்கு வீடு கட்ட அனுமதி ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் ஓசூர் பயிற்சியில் பாயம்மா மகளுக்கு அந்த வருஷமே இடம் கிடைத்தது. பெரியப்பா முறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அவர்தான் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்.

பட்ஜெட் மேடம் கான்ட்ராக்ட் முடிந்து, இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். பொங்கலுக்குப் போன் பண்ணுவார். நானும் டெல்லியில் பட்ஜெட் படிக்கிற அன்று டிவியை விட்டு நகர மாட்டேன். லட்சம் கோடி என்றால் எனக்குத் தெரியாது. எத்தனை இலை எண்ணினார்களோ, யார் இலை விட்டுப்போனதோ என்று மட்டும் யோசிப்பேன். பேத்தி சேனலை மாற்றினால் கையில் அடிப்பேன்.

பாயம்மா மகள் ஓசூர்க் கம்பெனியில் இப்போது ஒரு மெஷின் லைனையே மேற்பார்க்கிறாள். கல்யாணமும் அவள் சொன்ன பிறகுதான் நடந்தது. அவளைப் பார்த்து எங்கள் ஊரிலிருந்து நிறையப் பெண்கள் போகிறார்கள், என் பேத்தியும்தான். கம்பெனி பஸ் முதன்முதலில் அவளுக்காக ஊருக்குள் வந்ததால், புளியமரத்தடியிலேயே நிற்கப் பழகிவிட்டது. பஸ் ஓட்டுகிறவர் கர்நாடகாக்காரர். எங்கள் ஊர்ப் பெயர் அவர் வாயில் நுழையாது. ஷிப்ட் விட்டு வரும்போது தூங்குகிற பெண்களை எழுப்ப, கன்னடத்தில் ஒரே சத்தம்தான் போடுவார். "பாயம்மா மனே! பாயம்மா மனே!" பாயம்மா வீடு என்று அர்த்தம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குகிறார்கள்.